தொட்டால் ஷாக் அடிக்காது! மின்னல் தாக்கியவரை “செத்துட்டான்” என்று விட்டுவிடாதீர்கள்

“டமார்!”

காதைக் கிழிக்கும் சத்தம். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். மழைக்கு மரத்தடியில் ஒதுங்கி நின்ற நாலு பேரும் சுருண்டு விழுகிறார்கள்.

ஒருவர் “ஐயோ, அம்மா” என்று கத்துகிறார். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நாலாவது ஆள் மட்டும் அசையவில்லை. மூச்சு இல்லை. கண் பாதி திறந்தபடி கிடக்கிறது.

கூட்டம் கூடுகிறது. கத்துகிறவரைத் தூக்கி உட்கார வைக்கிறது. அழுகிறவர்களுக்கு சோடா வாங்க ஓடுகிறது. அசையாமல் கிடப்பவரைப் பார்த்து, “அவன் போயிட்டாம்பா... கிட்டப் போகாதே, கரண்ட் இருக்கும்!” என்று பத்தடி தள்ளி நிற்கிறது.

அந்த நாலாவது ஆள் செத்துப்போகவில்லை. ஆனால் இன்னும் ஐந்து, பத்து நிமிஷத்தில் செத்துவிடுவார். மின்னல் அடித்ததால் அல்ல. கூட்டம் தள்ளி நின்றதால்!

எந்த ஊரில் நடந்தது என்று கேட்காதீர்கள். மின்னல் விழுகிற ஊரில் எல்லாம் நடக்கக்கூடியதுதான் இது.

டீக்கடை கோர்ட்டு

பாரிமுனைப் பக்கம் ஒரு டீக்கடை. சாயங்கால மழை. ஆபீஸ் விட்டு பீச் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள், கடையை அரைக் கதவு சாத்திவிட்டு வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் ஒண்டிக்கொண்டு நிற்கிறோம். வானம் விட்டுவிட்டு உறுமுகிறது. நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

“ஏன் சார், மின்னல் அடிச்ச ஆளைத் தொடலாமா?”

“நல்லா கேட்டீங்க போங்க! தொட்டா நம்மளையும் இழுத்துக்கும்” என்றார் கையில் டிபன் பை வைத்திருந்த குமாஸ்தா.

“ஈர உடம்பு வேற. கரண்ட் அப்படியே நிக்கும்” என்று ஒத்து ஊதினார் பக்கத்தில் நின்ற பழ வியாபாரி.

“எங்க ஊர்ல இடி விழுந்தவன தூக்க மாட்டாங்க அண்ணே. தாசில்தார் வந்துதான் தூக்கணும்” என்றான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த தம்பி.

கடைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நீங்க பேப்பர்காரர். நீங்களே சொல்லுங்க” என்பது போல.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வரையில் நானும் அந்தக் குமாஸ்தா கட்சிதான்!

கரண்ட் எங்கே?

மின்னல் என்பது மேகத்திலிருந்து பூமிக்குப் பாயும் மின்சாரம். சுமார் 30 ஆயிரம் ஆம்பியர். வீட்டு ப்யூஸ் 15 ஆம்பியருக்கே ‘டப்’ என்று போய்விடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அது பாயும் பாதையில் காற்று 30 ஆயிரம் டிகிரி வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு! அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிகிற சத்தம்தான் இடி. நாம் “இடி விழுந்து செத்தான்” என்கிறோம். இடி யாரையும் கொல்வதில்லை. அது சத்தம். கொல்வது மின்னல்.

அவ்வளவு பெரிய சக்தி ஒரு மனிதனை அடித்தால் எலும்புகூட மிஞ்சாது என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. காரணம், அது உடம்பில் இருக்கும் நேரம். கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட அல்ல. பெரும்பகுதி தோலின் மேலாகவே வழுக்கிக்கொண்டு மண்ணில் இறங்கிவிடுகிறது. ஈரச் சட்டையும் வேர்வையும் அந்த வேகத்தில் ஆவியாகி வெடிப்பதால், துணி கிழிந்து, செருப்பு தூரப் போய் விழுந்து கிடக்கும். கழுத்துச் சங்கிலி பட்ட இடத்தில் சூடு போட்ட மாதிரி இருக்கும். சிலர் தோலில் வேப்பிலைக் கொத்து வரைந்த மாதிரி சிவப்புக் கோடுகள் தோன்றும். அதைப் பார்த்து பயந்து சாமி குத்தம் என்பவர்களும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் தானாக மறைந்துவிடும்.

மின்னல் மண்ணில் இறங்கிய பிறகு உடம்பில் கரண்ட் ஏது? ஒரு துளி கிடையாது. மனித உடம்பு பாட்டரி அல்ல, சேர்த்து வைத்துக்கொள்ள. மின்னல் அடித்தவரை அடுத்த விநாடியே தொடலாம், தூக்கலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். நம்மை ஒன்றும் செய்யாது.

நம்முடைய தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. “மின்னல் தாக்கி உடல் கருகி பலி” என்று எத்தனை தடவை எழுதியிருப்போம்! மின்னல் அடித்தவர்களில் ஆழமாகக் கருகியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் தூங்குகிறவர் மாதிரிதான் கிடப்பார்கள். “கருகி” என்று படித்துப் படித்துத்தான், கிட்டப் போனால் நாமும் கருகிவிடுவோம் என்ற பயம் ஜனங்களுக்கு வந்துவிட்டதோ என்னவோ.

இது வேறு, அது வேறு

பிறகு ஏன் எல்லோரும் தொடாதே என்கிறார்கள்? கரண்ட் கம்பியில் சிக்கியவரோடு மின்னல் அடித்தவரைக் குழப்பிக்கொண்டதால்தான்.

மழைக்காலத்தில் சென்னைத் தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி, கசியும் பெட்டி, ஈரச் சுவர் - இதில் ஒருவர் ஒட்டிக்கொண்டால் தொடவே கூடாது. அங்கே கரண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயினை அணைக்க வேண்டும். வெளியே தெருக் கம்பி என்றால் தள்ளி நின்று, யாரையும் கிட்டே விடாமல், மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் போன் போட வேண்டும்.

மின்னல் அடித்த இடத்திலும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். மின்னல் மரத்தை முறித்து, மரம் கம்பியை அறுத்துப் போட்டிருக்கலாம். கம்பி எதுவும் கிடக்கவில்லையா? போய்த் தொடுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் யாரை?

ரெயில் விபத்து, பஸ் விபத்து என்றால் டாக்டர்கள் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? உயிரோடு துடிப்பவர்களை. மூச்சு நின்று கிடப்பவர்களைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். கேட்கக் கல் நெஞ்சாகத் தோன்றினாலும் அதுதான் முறை.

மின்னலில் இது அப்படியே தலைகீழ்!

கத்துகிறவர், அழுகிறவர், முனகுகிறவர் எல்லாம் அநேகமாகப் பிழைத்துவிடுவார்கள். அவர்கள் சற்று காத்திருக்கலாம். செத்தவர் மாதிரி கிடப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உலகம் முழுவதும் டாக்டர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஏன்? மின்னல் பாயும்போது இதயம் ஒரு ஸ்விட்ச் போட்டு அணைத்த மாதிரி நின்று போகிறது. அதே சமயம், மூளையில் “மூச்சு விடு” என்று கட்டளை போடும் இடமும் மரத்துப் போகிறது. இதயம் பொல்லாத கில்லாடி. பல பேருக்கு அது சிறிது நேரத்தில் தானாகவே மறுபடி துடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் மூச்சுக் கட்டளை திரும்புவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அதற்குள் ரத்தத்தில் பிராண வாயு தீர்ந்து போகிறது. துடிக்க ஆரம்பித்த இதயம் இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவதுதான் நிஜமான சாவு.

இரண்டுக்கும் நடுவே உள்ள சில நிமிஷங்களில் யாராவது ஒருவர் மார்பை அழுத்தி, வாயில் ஊதிக்கொண்டிருந்தால் போதும். ஆள் எழுந்து உட்கார வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்னல் அடித்தவருக்குக் கண்ணின் கருமணி விரிந்து அசையாமல் இருக்கலாம். கை கால் நீலம் பாரித்து, சில்லென்று, நாடி கிடைக்காமல் இருக்கலாம். ரத்தக் குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கிக்கொள்வதால் வருவது இது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இமையை விலக்கிப் பார்த்து, “முடிஞ்சு போச்சு” என்று உதட்டைப் பிதுக்கிவிடுகிறார்கள். நாடி பார்க்கிற வேலையே நமக்கு வேண்டாம்.

என்ன செய்யணும்?

இனி சொல்வதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

தோளைத் தட்டி, “ஐயா, ஐயா” என்று உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் பார்க்க வேண்டாம். மூச்சு இல்லாவிட்டாலோ, கரையில் போட்ட மீன் போல எப்போதாவது ஒரு தடவை வாயை மட்டும் பிளந்தாலோ, அது மூச்சு அல்ல. உடனே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

கூட்டத்தில் பொத்தாம் பொதுவாக “யாராவது போன் பண்ணுங்கப்பா” என்று கத்தாதீர்கள். யாரும் செய்ய மாட்டார்கள். ஒருவரைக் கை காட்டி, “நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க” என்று சொல்லுங்கள். மேலே இன்னும் மின்னல் அடித்துக்கொண்டிருந்தால், நாலு பேராகத் தூக்கிச் சட்டென்று பக்கத்துக் கட்டடத்துக்குள் கொண்டு போங்கள். தூக்கி எறியப்பட்டு விழுந்தவர் என்றால் கழுத்து மடங்காமல் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை, பெஞ்ச் எல்லாம் வேண்டாம். மார்பின் நட்ட நடுவே, எலும்பின் மேல், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. உடம்பின் பாரத்தைப் போட்டு இரண்டு அங்குலம் கீழே இறங்கும்படி அழுத்த வேண்டும். விட வேண்டும். மறுபடி அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று வேகமாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் கணக்குத் தப்பாது.

30 தடவை அழுத்தியதும், தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை ஊத வேண்டும். மார்பு எழும்ப வேண்டும். மறுபடி 30. மின்னலில் மூச்சுதான் முக்கியம் என்பதால், ஊதத் தெரிந்தவர் ஊதினால் மிகவும் நல்லது. தெரியாதா? கூச்சமா? அழுத்துவதையாவது நிறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளை என்றால் ஒரு கை போதும்.

எலும்பு முறிந்துவிடுமோ என்று பயமா? முறியலாம். முறிந்த விலா எலும்பு பிறகு கூடிவிடும்.

எவ்வளவு நேரம்? அவர் மூச்சு விடும் வரை. அல்லது 108 வந்து ஆளை வாங்கிக்கொள்ளும் வரை.

மூச்சு வந்துவிட்டது, நினைவு வரவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் சோடா, தண்ணீர், காபி எதுவும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் இறங்கினால் அதுவே எமன். கையில் சாவிக்கொத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். வலிப்பு வந்தவருக்கே அதனால் பிரயோஜனம் இல்லை, இவருக்கு எதற்கு? தீக்காயம் இருந்தால் சுத்தமான தண்ணீர் ஊற்றலாம். இங்க், பற்பசை, மாவு எதையும் அப்பாதீர்கள்.

மற்ற மூன்று பேரும் “எனக்கு ஒண்ணுமில்லே சார்” என்று எழுந்து பஸ் ஏறப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கலாம். காது ஜவ்வு கிழிந்திருக்கலாம். கண்ணில் புரை பிற்பாடு வரலாம். நால்வரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

சாணிக் குழி!

டீக்கடைத் தம்பி “தாசில்தார் வந்துதான் தூக்கணும்” என்றான் அல்லவா? அதைவிடக் கொடுமை எல்லாம் உண்டு. சத்தீஸ்கர் மாநிலக் கிராமங்களில், மின்னல் அடித்தவரைக் கழுத்து வரை சாணியில் புதைத்து வைத்ததாகப் பல தடவை செய்தி வந்திருக்கிறது. சாணி கரண்டை உறிஞ்சிவிடும் என்று நம்பிக்கை! உறிஞ்சுவதற்குக் கரண்டே இல்லை என்று மேலே பார்த்தோம். கழுத்து வரை புதைத்தால் மார்பை எப்படி அழுத்துவது? பிழைக்க வேண்டியவரை உயிரோடு சமாதி வைக்கிற வேலை.

ஏழு முறை!

“மின்னல் அடிச்சா ஆள் காலி” என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். அமெரிக்க வானிலைத் துறை கணக்குப்படி, மின்னல் தாக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள்.

அந்த நாட்டில் ராய் சல்லிவன் என்று ஒருவர். வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனான்டோவா என்ற வனப் பூங்காவின் காவலர். 1942-ல் அவரை மின்னல் அடித்தது. பிழைத்தார். 1969-ல் மறுபடி. 1970, 1972, 1973, 1976... கடைசியாக 1977. அடேயப்பா! ஏழு தடவை! கால் விரல் நகம் போனது, புருவம் பொசுங்கியது, தலைமுடி தீப்பிடித்தது. ஆள் ஏழு தடவையும் பிழைத்து, கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். ஒரே ஆளை இரண்டு தடவை மின்னல் அடிக்காது என்பவர்கள் கவனிக்கவும்.

நம் நாட்டிலோ சாவுக் கணக்கு கலங்க வைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021-ல் 2,880 பேர். 2022-ல் 2,887 பேர். நாளுக்கு எட்டுப் பேர் வீதம். வயலில் நாற்று நட்டவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள்தான் இதில் அதிகம். அவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் இருந்தவர்கள் தொடப் பயந்ததால் போனார்களோ, அதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது.

மரம் வேண்டாம்

மின்னல் நேராகத் தலையில் இறங்குவது மிகவும் அபூர்வம். மரத்தில் விழும். மரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். அல்லது மரத்தடி மண்ணில் நாலா பக்கமும் பரவி, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். மாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே தூரம் அதிகம், நடுவில் இதயம்.

2021 ஜூலை 11-ந் தேதி ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டைக்கு எதிரே உள்ள காவல் கோபுரத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மழையை ரசிக்கவும் செல்பி எடுக்கவும் மேலே ஏறி நின்ற கூட்டத்தின் மீது மின்னல் இறங்கியது. 11 பேர் பலி. அவர்கள் செய்த தப்பு செல்பி அல்ல. செல்போன் மின்னலை இழுப்பதில்லை. சுற்று வட்டாரத்திலேயே உயரமான இடத்தில், வெட்டவெளியில், இடி இடிக்கும்போது நின்றதுதான் தப்பு.

நம் ஊரில் அந்தக் காவல் கோபுரம் எது? மொட்டை மாடிதான்! வானம் கறுத்ததும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறோம். துணி காய்வது இரும்புக் கம்பியில். பக்கத்தில் டிஷ் ஆன்டெனா. துணி நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும். மெரினாவும் அப்படித்தான். அந்தப் பரந்த மணலில் நிற்கிற ஆள்தான் அங்கே கோபுரம். தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்பவர் நிலைமை அதைவிட மோசம்.

பஸ்சா, ஆட்டோவா?

ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: பஸ், கார், மின்சார ரெயில் மூன்றும் நல்ல இடம். ரப்பர் டயர் காப்பாற்றுகிறது என்று நினைக்காதீர்கள். மைல் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு, அரை அடி ரப்பர் ஒரு பொருட்டா? காப்பாற்றுவது சுற்றிலும் உள்ள இரும்புக் கூடு. மின்சாரம் கூட்டின் மேலாகவே ஓடித் தரைக்குப் போய்விடும். உள்ளே இருப்பவருக்கு ஆபத்து இல்லை. ஆனால் உள்ளே இருக்க வேண்டும்! படிக்கட்டில் தொங்கினால் அந்தக் கணக்கு செல்லாது.

ஆட்டோவுக்குத் துணிக் கூரை. ஸ்கூட்டருக்கு அதுவும் இல்லை. இரண்டும் உதவாது. பஸ் நிறுத்தத்துக் கூரை மழைக்குத்தான், மின்னலுக்கு அல்ல. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கடை, பாங்கு, ஓட்டல் எதற்குள்ளாவது போய்விடுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்கு ஒதுங்கும் ஜனங்களை “வியாபாரத்தை மறைக்காதே” என்று விரட்டாதீர்கள். கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கள். இரும்பு ஷட்டரில் சாய வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள், இடி இடிக்கும்போது குளிப்பது, பாத்திரம் கழுவுவது, வயர் உள்ள டெலிபோனில் பேசுவது மூன்றையும் தள்ளிப் போடலாம். குழாய் வழியாகவும் வயர் வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும். டி.வி., பிரிட்ஜ் பிளக்கை இடி நெருங்கும் முன்பே பிடுங்குங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கில் கை வைக்காதீர்கள். செல்போனில் பேசலாம், சார்ஜில் போட்டபடி பேசக் கூடாது.

விரல் விட்டு எண்ணுங்கள்

மின்னல் எவ்வளவு தூரத்தில் விழுகிறது? கணக்கு சுலபம். மின்னலைப் பார்த்ததும் “ஒன்று... இரண்டு...” என்று விநாடி எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதாவது அங்கே அடித்த மின்னலின் இடி உங்கள் காதில் கேட்கிறது என்றால், அடுத்தது நீங்கள் நிற்கும் இடத்திலேயே விழலாம். மழை வராத இடத்திலும் விழும். எண்ணத் தெரியாதவர்களுக்கு இன்னும் சுலபமான கணக்கு: இடி காதில் கேட்டாலே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. மழை விட்டதும் பிள்ளைகள் விளையாட ஓடுகிற அந்த அரைமணி நேரம் பொல்லாதது.

புனாவில் உள்ள வெப்ப மண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் ‘தாமினி’ என்று ஒரு செல்போன் செயலி வெளியிட்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மின்னல் வருகிறதா என்று முன்கூட்டியே சொல்லும். காசு இல்லை.

அந்தக் காலத்துப் பாட்டிகளிடம் செயலி கிடையாது. இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்பார்கள். சத்தம் கேட்கும்போது அந்த மின்னல் விழுந்து முடிந்துவிட்டது. அதற்கு அர்ஜுனன் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பாட்டி அப்படிச் சொல்லிக்கொண்டே வாசலில் நின்ற பிள்ளைகளை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவாளே, அது நூற்றுக்கு நூறு சரி.

வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால்? ஊரில் வயலில் வேலை செய்கிற சொந்தக்காரர்களுக்கு இதைப் போன் போட்டுச் சொல்லுங்கள். தனி மரத்தடிக்கு ஓட வேண்டாம். தரையில் படுக்கவும் வேண்டாம். கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் தள்ளிப் போய், கட்டடத்தையோ மூடிய வண்டியையோ நோக்கி நடக்க வேண்டும். எதுவுமே கிட்டத்தில் இல்லையென்றால், இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தலையைக் குனிந்து குத்துக்காலிட்டு உட்காரலாம். அது முழுப் பாதுகாப்பு அல்ல. வேறு வழி இல்லாதபோது செய்கிற காரியம்.

சர்க்கரை மூட்டை

இத்தனையும் டீக்கடையில் நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மழை நின்று நின்று பெய்ததால் பேச்சும் அப்படியே போனது. குமாஸ்தாவுக்குப் பாதி நம்பிக்கை. பழ வியாபாரி, “அப்போ நிஜமாவே தொடலாங்கிறீங்க?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

கடைக்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. பாய்லரைக் குறைத்துவிட்டு, மூலையில் இருந்த சர்க்கரை மூட்டையைத் தரையில் இழுத்துப் போட்டார். கையின் மேல் கை வைத்து அழுத்த ஆரம்பித்தார். தம்பி சத்தம் போட்டு எண்ணினான். நாற்பதுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

“கை கழண்டு போவுது சார். இதை எப்படி 108 வர்ற வரைக்கும் செய்யறது?”

செய்ய முடியாது. அதனால்தான் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்றேன். அவர் எழுந்துகொண்டார். குமாஸ்தா டிபன் பையை பெஞ்சில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூட்டை முன்னால் மண்டி போட்டார்.